மீன்காரன் வீட்டுக் கினிப்பன்றி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பொறுமைசாலி என்று நினைத்து ஏமாறக் கூடாது. மீன் வியாபாரிக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? விடியப்புறம் வள்ளம் கரைக்கு வந்தால் பத்து நிமிடத்துக்குள் விலை பேசி, மீனைப் பெட்டியில் போட்டு, ஐஸை அடித்து நொறுக்கி மேலே பரப்பி, மூடியை அமத்திக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட வேண்டும். நான் நின்று யோசித்தால் மீன் காத்திருக்காது, பழுதாகிவிடும். இருபது வருடம் அப்படியே வாழ்ந்ததில் கைக்கு என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்தக் கைப்பழக்கத்தால் ஒரு நாள் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

நாற்பத்திரண்டு வயதில்தான் கல்யாணம் கட்டினேன். மனைவிக்கு அது இரண்டாம் கல்யாணம். அவளுடைய முதற்கணவர் சிறுநீரக வருத்தத்தில் காலமானபோது மகளுக்கு மூன்று வயது. நான் வரும்போது பிள்ளைக்கு ஏழு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கல்யாணம் கட்டினால் ஆண்தான் அங்கே போக வேண்டும். அப்படித்தான் நான் ஒரு பயணப்பையும் இரண்டு மீன்பெட்டிகளுமாக, உப்புவெளிக்குப் போகிற வழியில் இருக்கும் அவர்களுடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மனைவி அலுமாரியில் பாதியை ஒதுக்கித் தந்தாள். நான் எந்தத் தட்டில் எதை வைக்கிறேன் என்று பிள்ளை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறைச் சுவரில் அவளுடைய அப்பாவின் படம் மாலையோடு தொங்கியது. அவரைப் பார்த்து மனதுக்குள் ஒரு வணக்கம் சொன்னேன். அவர் வாழ்ந்த வீட்டில் வந்து நிற்கிறேன், வேறு என்ன சொல்வது?

பிள்ளை என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. என்னைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல் இல்லை, அவ்வளவுதான். அப்பா என்பது படத்தில் இருப்பவருக்கு. சித்தப்பா என்று சொல்லும்படி சொந்தக்காரர்கள் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், சொல்லவில்லை. லீவு நாட்களில் மத்தியானம் முற்றத்துக்கு வந்து வேப்பமரத்தைப் பார்த்து, "அம்மா சாப்பிட வரட்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். மரம் சாப்பிட வராது என்பதால் நான் எழுந்து போவேன்.

மனைவிக்கு மூதூரில் அரசாங்க அலுவலகத்தில் வேலை. ஆறரை பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போக முடியாது. அதனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவதும் திரும்ப ஏற்றி வருவதும் என் வேலையாயிற்று. துறையிலிருந்து ஓடி வந்து, மோட்டார் சைக்கிளிலிருந்து மீன்பெட்டியைக் கழற்றி மரத்தடியில் வைத்து, சீற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நானும் தேசிக்காய் தேய்த்துக் குளித்து, சென்ட் வேறு அடித்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்பேன். பிள்ளை வருவாள். மூக்கைச் சற்றே சுருக்குவாள். ஏறி உட்கார்ந்ததும் புத்தகப்பையை முதுகிலிருந்து கழற்றித் தனக்கும் எனக்கும் நடுவில் வைப்பாள். பிறகு பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

அந்தப் பை வழி முழுவதும் என் முதுகில் இடித்துக்கொண்டே வரும். பையின் பக்கத்தில் செருகியிருக்கும் தண்ணீர்ப் போத்தல் சரியாக என் விலாவில் குத்தும். ஒரு வருடம் அந்தக் குத்தை வாங்கினேன். வலித்தது போத்தலால் இல்லை. அந்தப் பை நடுவிலிருந்து எப்போது போகும் என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு ஒரே யோசனை. கேட்கவும் முடியாது. கேட்டு எடுப்பிக்கிற விஷயமா அது?

பிள்ளையோடு படிக்கும் ஒரு சிறுமியின் வீட்டில் கினிப்பன்றிகள் குட்டி போட்டிருந்தன. ஒன்று தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை ஒரு கிழமையாக அம்மாவைக் குடைந்தாள். அம்மா கெட்டிக்காரி. அதுக்கு வீடு வேண்டும், வீடு செய்யக்கூடிய ஆளிடம் நீயே போய்க் கேள் என்று அனுப்பிவிட்டாள். நான் மரத்தடியில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பிள்ளை வந்து நின்றாள், வழக்கம்போல மரத்திடம் பேசினாள்.

"கினிப்பன்றிக்கு ஒரு வீடு வேணுமாம்."

அது கேட்டதாம்! இன்னும் கண்ணாலும் காணாத ஒரு பிராணி எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது. நான் உடனே ஓம் என்றேன். அவ்வளவு அவசரமாக ஓம் சொன்னதில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அதுவரை நான் எதையும் வளர்த்ததில்லை. என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான மீனைத் தொட்டிருக்கிறேன், ஒன்றுகூட உயிரோடு இருந்ததில்லை. கினிப்பன்றி எப்படியிருக்கும் என்று மனைவியின் போனில் படம் பார்த்தேன். காதைக் கழற்றிய முயல் மாதிரி இருந்தது. இதற்கென்ன பெரிய வீடு என்று நினைத்து, பாவிக்காத புது றெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்தேன். நாங்கள் மீனுக்கு வைத்திருக்கும், பஞ்சு மாதிரிப் பாரமில்லாத அதே வெள்ளைப் பெட்டிதான். கத்தியால் ஒரு வாசலும் இரண்டு ஜன்னலும் வெட்டினேன். வாசலுக்கு மேலே வளைவு வேறு. மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, அது கடிக்கிற சாதி, இதைக் கடித்துத் தின்றுவிடும் என்றாள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வீடு செய்கிறவன் நானா நீயா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

குட்டி ஒரு சப்பாத்துப் பெட்டியில் வந்தது. மண்ணிறம், நெற்றியிலிருந்து மூக்குவரை ஒரு வெள்ளைக் கோடு, திருநீறு பூசிய மாதிரி. பிள்ளை அதன் காதுக்குள் ஒரு பெயரைச் சொன்னாள். என்ன பெயர் என்று மனைவி கேட்டாள், நானும் கேட்டேன். அந்தப் பெயர் எங்களுக்கு இல்லையாம், குட்டிக்கு மட்டும்தானாம்.

அடுத்த நாள் விடிய நான் துறைக்குப் போக எழும்பியபோது முன்னறை முழுக்க வெள்ளை மணிகள் பறந்துகொண்டிருந்தன. ஜன்னல் வாசலாகிவிட்டது. வாசல் இருந்த பக்கத்தில் சுவரே இல்லை. நடுவில் அது மீசையெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. மனைவி வந்து பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது பேசுவதைவிட மோசம். பிள்ளை மட்டும் குனிந்து பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு, மீன் மணக்குது, அதுதான் அதுக்குப் பிடிக்கேல்ல என்று சொன்னாள். அது புதுப் பெட்டி. ஒரு மீனும் அதற்குள் இருந்ததில்லை. நான் விளக்குமாற்றை எடுத்து மணிகளைக் கூட்டினேன்.

இரண்டாவது வீட்டைப் பலகையில் செய்தேன். மரக்கடையில் கழித்துவிட்ட பலகைகளை வாங்கி, வாளால் அறுத்து, அரத்தாளால் தேய்த்து, மேலே வலைக்கம்பி அடித்தேன். தச்சுப்பட்டறையிலிருந்து ஒரு சாக்குச் சீவல் கொண்டுவந்து கீழே பரப்பினேன். பிள்ளை முதல் நாள் தூரத்திலிருந்து பார்த்தாள். இரண்டாம் நாள் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் ஆணிப் பேணியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நான் கையை நீட்டுகிற நேரம் பார்த்து ஒவ்வொன்றாகத் தந்தாள். என் உள்ளங்கையில் படாமல், தலைப்பில் பிடித்துத் தந்தாள். படாவிட்டால் என்ன, தந்தாளே. அன்றைக்கு ஒரு ஆணி போதுமான இடத்தில் நான் மூன்று ஆணி அடித்தேன். இன்றைக்கும் அந்தப் பெட்டியை யாராலும் பிரிக்க ஏலாது.

கினிப்பன்றி நாள் முழுக்கப் புல் தின்னும் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் மீன் கொண்டுபோகிற ஊர்களில் சாம்பல்தீவுப் பக்கம் நல்ல புல் இருக்கும். மீன் விற்று முடிந்ததும் வரம்போரமாக இறங்கி ஒரு பை நிறையப் புல் பிடுங்குவேன். படலையடியில் நிற்கிற பெண்கள் விடுவார்களா? மீன்காரர் மாடு வாங்கிவிட்டார் போல, நாளைக்குப் பால் வருமோ என்று கேட்டுச் சிரிப்பார்கள். மாடில்லை, வீட்டில் ஒரு பிராணி என்று ஒருத்தியிடம் சொன்னேன். பிள்ளைக்கோ என்று கேட்டாள். ஓம், பிள்ளைக்கு என்றேன். அதற்குப் பிறகு அவள் வளவில் புல்லும் கொய்யா இலையும் கட்டி வேலியில் கொழுவி வைத்திருப்பாள்.

ஒரு மாதத்துக்குள் அதற்கு என் மோட்டார் சைக்கிள் சத்தம் பழகிவிட்டது. நான் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே உள்ளேயிருந்து 'வீக், வீக்' என்று விசில் அடிக்கும். அந்த வீட்டில் என் வரவுக்குச் சத்தம் போட்ட முதல் ஆள் அதுதான். பிள்ளைக்கு அதில் பொறாமை. நான் தூக்கினாலும் விசில் அடிக்குதில்ல, அவர் வந்தாத்தான் அடிக்குது என்று தாயிடம் முறையிட்டாள். புல்லுக்காகத்தான் அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் காலையில் பை நடுவில்தான் இருந்தது. போத்தலும் அதே விலாவில்தான்.

பிறகு கச்சான் வந்தது. எங்கள் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், ஆனி ஆடியில் கடற்காற்று செத்துப்போய், மேற்கே தரைப்பக்கமிருந்து ஒரு காற்று வரும். அடுப்புக்கு முன்னால் குந்தியிருப்பது போலிருக்கும். இலையெல்லாம் சுருளும், உதடு வெடிக்கும், நாய்கள் தண்ணீர்க் குழாயடியில் குழி தோண்டிப் படுக்கும். நான் பலகை வீட்டை வைத்திருந்த விறாந்தை மேற்குப் பக்கம். மேலே தகரம். மாரியில் யோசித்து வைத்த இடம் அது, கச்சானை யோசிக்கவில்லை.

அப்படி ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது விசில் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அது சீவலில் வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது. வாயோரம் ஈரம், மூச்சு பட்பட் என்று அடித்தது. தூக்கினேன், உடம்பு கொதித்தது. உள்ளே கொண்டுபோய் ஃபானைப் போட்டால் கரண்ட் இல்லை. பிள்ளை ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவாள். அவள் வரும்போது இது இப்படிக் கிடந்தால் நான் என்ன சொல்வேன்?

சூடு என்றால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மரத்தடிக்கு ஓடினேன். மீன் விற்று முடிந்த பெட்டியில் மிச்ச ஐஸ் இருந்தது. அதைப் பரப்பி, மேலே சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, கினிப்பன்றியை அதன்மேல் வைத்தேன். ஒரு நிமிடத்தில் மூச்சு கொஞ்சம் அடங்கியது. எனக்கும் உயிர் வந்தது. ஒன்றேகாலாகிவிட்டது, பிள்ளையை ஏற்ற வேண்டும், அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பள்ளிக்கூட வாசலில் புதுக் காவலாளி. பழையவருக்கு என்னைத் தெரியும், இவருக்குத் தெரியாது. பிள்ளை வெளியே வரக் கால் வைத்ததும் கையை நீட்டி மறித்தார். என்னைப் பார்த்து, பிள்ளைக்கு நீங்கள் ஆர் என்று கேட்டார். நான்தான் ஒவ்வொரு நாளும் ஏற்றிப் போகிறவன் என்றேன். அது சரி, என்ன முறை என்று கேட்டார்.

அந்த மனிதர் கேட்டதில் பிழையில்லை. ஆனால் பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள். அவள் எனக்குத் தராத சொல்லை அவள் முன்னாலேயே நான் எப்படி எடுத்துக்கொள்வது? அந்த நேரம் பார்த்துத்தான் என் கை எனக்கு ஞாபகம் வந்தது. பெட்டியை விட்டு வரும்போது இந்தக் கை என்ன செய்தது? மூடியைப் போட்டது. அமத்தியது. கயிற்றை இழுத்துக் கட்டியது. இருபது வருடமாக ஐஸ்பெட்டிக்குச் செய்கிற வேலையை, கேட்காமலே செய்துவிட்டு வந்திருக்கிறது. காற்றுப் புகாத பெட்டி அது.

விடுங்கோ, அவசரமாகப் போக வேண்டும் என்று கத்தினேன். என்ன அவசரம் என்றார். பெட்டிக்குள் ஒரு உயிரைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? சொல்லியிருந்தால் பொலிஸைக் கூப்பிட்டிருப்பார். நான் இன்னும் கத்தினேன். நான் கத்தக் கத்த அவருடைய சந்தேகம் கூடியது. கடைசியில் என்னை விட்டுவிட்டு அவர் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தார்.

"பிள்ளை, இவர் உங்களுக்கு ஆர்?"

பிள்ளை சப்பாத்தைப் பார்த்தாள். சப்பாத்து வார், மண், திரும்பவும் சப்பாத்து. பிறகு மெல்லச் சொன்னாள்.

"எங்கட வீட்டில இருக்கிறவர்."

உண்மைதான். ஒரு எழுத்துப் பொய்யில்லை. காவலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. கேற்றைச் சாத்திவிட்டுப் பிள்ளையை உள்ளே கூட்டிப் போனார். அலுவலகத்திலிருந்து மனைவிக்குப் போன் எடுத்தார்கள். அவள் கூட்டத்தில் இருந்ததால் எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள், நான் தன் புருஷன்தான் என்று சொன்னாள், அதிபர் வந்து மன்னிப்புக் கேட்டார். எல்லாமாக முக்கால் மணித்தியாலம். பிள்ளையை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் கடற்கரை றோட்டில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் கூட்டமாகக் குறுக்கே நின்றன. ஹோர்ன் அடித்தேன், அவை அசையவில்லை. நடுவில் பை இருந்தது, பையின் மறுபக்கம் பிள்ளை ஒன்றும் தெரியாமல் இருந்தாள்.

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நிற்க முதலே அவள் விறாந்தைக்கு ஓடினாள். பலகை வீடு வெறுமையாக இருந்தது. நான் மரத்தடியில் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நிற்கும்போது மூடி திறந்தது. ஐஸ் உருகிச் சாக்கு நனைந்து, அது ஈரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. தொட்டேன். குளிர்ந்திருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக மரத்தையோ சுவரையோ பார்க்காமல் என் முகத்தையே பார்த்துப் பேசினாள்.

"நீங்கள் அதையும் மீன் மாதிரி வச்சிட்டீங்கள்."

அழுது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் நல்லது என்றிருந்தது. அதைத் தூக்கிக் காதோடு வைத்தேன். எங்கேயோ ஒரு சின்ன மூச்சு இருப்பது போலிருந்தது. என் அவசரத்தில் எனக்கு மட்டும் அப்படிக் கேட்டதோ என்னவோ. ஏறு என்று மட்டும் சொன்னேன். அவள் பையை முற்றத்தில் எறிந்துவிட்டு, அதைத் தன் வெள்ளைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.

மிருக வைத்தியசாலையில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு டொக்டர் அம்மா இருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார், நான் ஒளிக்காமல் சொன்னேன். முதலில் சூட்டில் வாடியிருக்கிறது, பிறகு குளிரில் விறைத்திருக்கிறது, பெட்டி மூடியில் எங்கேயோ ஒரு நீக்கலால் கொஞ்சம் காற்று போயிருக்க வேண்டும், உயிர் இருக்கிறது, ஆனால் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். ஒரு ஊசி போட்டார். துவாயால் துடைத்தார். இனி மெல்ல மெல்லச் சூடு ஏற வேண்டும், யாராவது உடம்போடு அணைத்து வைத்திருங்கள், மனிதச் சூடுதான் இதற்கு அளவு என்றார். பிள்ளை கையை நீட்டினாள். அவளுடைய சட்டை ஐஸ் தண்ணீரில் தொப்பலாகியிருந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார்.

நான் தயங்கினேன். மீன் விற்று வந்து இன்னும் குளிக்கவில்லை. காலை முழுக்கச் சூரையும் பாரையும் வெட்டிய சேர்ட். எனக்கு மீன் மணக்கும் டொக்டர் என்றேன். இப்போது அது மணம் பார்க்கிற நிலைமையில் இல்லை, சேர்ட்டைத் திறவுங்கள் என்றார்.

திறந்தேன். அந்தக் குளிர்ந்த சின்ன உடம்பை நெஞ்சில் வைத்துச் சேர்ட்டை மூடினேன். டொக்டர் அட்டையில் எழுதப் பெயர் கேட்டார். பிராணியின் பெயர். நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் டொக்டரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் குனிந்தேன். என் காதுக்குள் அந்தப் பெயரைச் சொன்னாள். நான் டொக்டருக்குச் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்கு அனுமதியில்லை.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்தோம். கச்சான் புழுதியை அள்ளிக்கொண்டு போனது. என் நெஞ்சில் இருந்தது அசையவில்லை. பிள்ளை என் சேர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயிர் இருக்கா என்று கேட்டாள். தெரியவில்லை பிள்ளை என்றேன். அவள் நகர்ந்து கிட்ட வந்தாள். இன்னும் கொஞ்சம் வந்தாள். பிறகு தலையைச் சரித்து, அந்த மீன் சேர்ட்டில் காதை வைத்தாள்.

நான் மூச்சுவிடப் பயந்தேன்.

"அதின்ர கேக்கேல்ல. உங்கட நெஞ்சுதான் அடிக்குது" என்றாள். ஆனால் தலையை எடுக்கவில்லை. அப்படியே இருந்துகொண்டு, தான் கேற்றில் சரியாகச் சொல்லியிருந்தால் நேரத்துக்கு வந்திருப்போம் என்று சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளை அந்த முக்கால் மணித்தியாலத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டிருக்கிறாள். "நீ சரியாத்தான் சொன்னனி. மூடியைக் கட்டினது நான்" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக நான் பேசியதில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் ஒரு நகம் என் தோலைக் கீறியது. என் நினைப்பாக்கும் என்றிருந்தேன். பிறகு இன்னொரு கீறல். அதற்குப் பிறகு சூடாக ஏதோ என் வயிற்றில் வழிந்தது. நான் துள்ளியெழுந்தேன், வாங்கில் வழிந்தது, பிள்ளைக்கு விளங்கிவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான், அதுவும் ஒரு கினிப்பன்றி என்மேல் மூத்திரம் போனதற்கு. டொக்டர் எட்டிப் பார்த்து, நல்ல குறி, தப்பிவிட்டது என்றார். நான் நனைந்த சேர்ட்டோடு நின்று அழுதேன். மறைக்கவில்லை.

மூன்றாவது வீட்டை மூன்று பேருமாகச் செய்தோம். யோசனை மனைவியுடையது. இந்தமுறை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன தைப்பொங்கலுக்குப் பொங்கிய மண்பானை குசினி மூலையில் விளிம்பு உடைந்து கிடந்தது. அதைக் கழுவி எடுத்தாள். கிழக்குப் பக்க அறையின் நிழலில் ஒரு தட்டில் ஆற்றுமணலைப் பரப்பி நனைத்து, பானையை அதில் பாதி புதையச் சரித்து வைத்தோம். கடல்மணலில் உப்பு, அது கூடாது. உள்ளே காய்ந்த சீவல். பலகை வீடு அதைச் சுற்றி முற்றமாக நின்றது. பிள்ளை கையைப் பானைக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே குளிர்மையாக இருக்கிறது, ஆனால் ஐஸ் மாதிரி இல்லை என்றாள். கினிப்பன்றி பானை வாயை முகர்ந்தது, உள்ளே போனது, திரும்பி முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் தேசிக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு நின்றேன். பிள்ளை ஏறினாள். பையைக் கழற்றி நடுவில் வைத்தாள். போத்தல் விலாவில் குத்தியது. சரி, என்ன செய்வது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒரு நாள் நெஞ்சில் காது வைத்தாள் என்பதற்காக எல்லாம் மாறிவிடுமா? வைத்தது எனக்காகவா, உள்ளே இருந்ததற்காக அல்லவா?

மத்தியானம் மீன் விற்ற கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்றைக்குப் பெட்டி முடியப் பிந்திவிட்டது, வழியில் வீட்டில் பெட்டியை இறக்கி வைத்தேன், குளிக்க மட்டும் நேரம் இருக்கவில்லை. வாசலில் அதே காவலாளி நின்றார். என்னைக் கண்டதும் முகம் மாறியது, அவருக்கும் சங்கடம்தான். பிள்ளை பிள்ளைகளோடு பிள்ளையாக வந்தாள். காவலாளி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார்.

பிள்ளை அவரைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றாள். முதுகிலிருந்து பையைக் கழற்றி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"இதை முன்னால கொழுவுங்கோ" என்றாள்.

ஹாண்டிலில் கொழுவினேன். அவள் பின்னால் ஏறி, கம்பியைத் தேடாமல், என் மீன் சேர்ட்டை இரண்டு பக்கமும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கும் என்னைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல் இல்லை. காவலாளி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பிவிட்டார்.